நார்மல் ரத்தம்

மேனேஜர் மகளின் பிறந்தநாளில் சர்வீஸ் இன்ஜினியர் இரண்டு துண்டு கேக் சாப்பிட்ட அன்று, அவன் பொறுப்பில் இருந்த எல்லா ஊர்களிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு நோய் குணமாகிவிட்டது. மறுநாள் காலைக்குள் திரும்பவும் வந்துவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் ரிப்போர்ட் வாங்கியவர்களுக்கு டாக்டர்கள் மாத்திரையைக் குறைத்து எழுதினார்கள். வீட்டாருக்குத் தெரியாமல் இனிப்புத் தின்றுகொண்டிருந்த கிழவர்கள் அந்தக் காகிதத்தை மருமகள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அடுத்த மாதம் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடந்தபோது, இனிப்பை ஏறெடுத்தும் பார்க்காதவர்களுக்கெல்லாம் சர்க்கரை எகிறியிருந்தது. ஊர்களில் முதலில் தண்ணீரைக் குறை சொன்னார்கள், பிறகு வெயிலைச் சொன்னார்கள். லேப்களில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது. அவர்களும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மிஷின் என்று ஒன்று இருந்தால் அதற்கென்று ஒரு குணம் இருக்கும், அனுசரித்துத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

எல்லாம் ஒரு கன்ட்ரோல் பாட்டிலால் வந்தது. ரத்தம் பார்க்கும் மிஷினைப் பழுது பார்த்து முடித்தால், எது சரியான அளவு என்பதை அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்காகவே கம்பெனி, அளவு தெரிந்த ரத்தத்தை விரல் உயரப் பாட்டிலில் அடைத்து ஐஸ் போட்டு அனுப்பும். அதைத்தான் கன்ட்ரோல் என்பார்கள். கிளம்பும்போது அது ஐஸில் உறைந்து கிளம்பும்; வந்து சேரும்போது வெந்நீரில் நீந்திக்கொண்டு வரும். பல சமயம் வந்தே சேராது. ஒருநாள் மலையடிவார ஊரின் ஆஸ்பத்திரியில் மிஷினைச் சரிசெய்துவிட்டு, வராத பாட்டிலுக்காக இன்ஜினியர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பெஞ்சுகளில் இடமில்லாமல் கால் வீங்கியவர்களும் மூச்சு வாங்குபவர்களும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். லேப்பைக் கவனித்துக்கொண்ட நடுவயதுப் பெண்மணி, ஊர் முழுக்க லேப்காரம்மா என்று அழைக்கப்பட்டவள், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையை நீட்டினான். தனக்கு ஒரு வியாதியும் கிடையாது, தன் ரத்தத்தையே நார்மல் என்று மிஷினுக்குச் சொல்லிவிடலாம், பாட்டில் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். அந்தத் தொழிலில் அவசரத்துக்குக்கூட அப்படிச் செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மிஷின் அவன் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு, பால் குடித்த குழந்தை மாதிரி அடங்கியது. ஒரு மணி நேரத்தில் வரிசை கரைந்துபோனது. அந்த நிம்மதி அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த ஊரிலும் செய்தான். அதற்கடுத்த ஊரிலும் செய்தான்.

பாட்டில்கள் பிற்பாடு வரத்தான் செய்தன. ஆனால் மிஷின்கள் அவற்றை ஏற்கவில்லை. இது மனித ரத்தம் அல்ல என்று திரையில் காட்டிவிட்டு வெளியே துப்பின. அளவுகளை நினைவில் வைத்திருக்கும் உள் கார்டை அவன் மாற்றினான். புதுக் கார்டும் ஒரே வாரத்தில் அவனைக் கற்றுக்கொண்டது. தலைமை ஆபீஸிலிருந்து நிபுணர்கள் வந்து, இரண்டு நாள் ஏசியில் உட்கார்ந்து பார்த்து, மிஷின்கள் பிரமாதமாக ஓடுகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பொய்யும் இல்லை. அவன் உடம்பு சரியாக இருந்தவரை ரிப்போர்ட்டுகளும் சரியாகத்தான் இருந்தன. அவன் உடம்பில் எது கூடினாலும் ஊர்களில் அது குறைந்தது போலத் தெரியும். அவனுக்கு எது குறைந்தாலும் ஊர்களில் கூடியது போலத் தெரியும். கணக்கு அவ்வளவுதான். மேனேஜர் மட்டும், இனிமேல் இனிப்பு கூடாது, பட்டினி கூடாது, காய்ச்சல் வருவதாக இருந்தால் முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அதிலிருந்து தினமும் காலையில், லேப்கள் திறக்கும் நேரத்துக்கு, இன்ஜினியர் வீட்டு போன் அடிக்கும். ஊர் ஊராக அடிக்கும். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். சாப்டீங்களா சார், என்ன சாப்டீங்க. எடுத்துப் பதில் சொல்வது அவன் அக்கா. அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இருவர் மட்டுமே. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா நாற்பதைத் தாண்டவில்லை. வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் படுக்கை விரிப்புக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாத நிலையில் போய்ச்சேர்ந்தார். அப்போது அக்காவுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்திருக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, தம்பியை ஆளாக்கினாள். ஹாஸ்டலில் அவன் படித்த காலத்தில், யாரோ இருவர் பேசப்போகும் லைனை அரை நிமிடம் நிறுத்திவைத்துவிட்டு, வார்டன் அறைக்கு இணைப்புக் கொடுத்து, சாப்ட்டியாடா என்று கேட்டுவிட்டுத்தான் அவர்களைச் சேர்த்துவைப்பாள். ரிட்டயர் ஆகியும் அவளுக்கு அந்தக் குரல் போகவில்லை.

"சாப்ட்டான். ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை. காபியில சர்க்கரை போடல, நான் பக்கத்துலயேதான் நின்னேன். நீங்க லேப்பத் தொறங்க" என்பாள். ஒருமுறை அவன் ரகசியமாக ஒரு மிட்டாயை வாயில் போட்டதைப் பார்த்துவிட்டு, எல்லா ஊருக்கும் அவளே திரும்ப போன் செய்து திருத்தம் சொன்னாள். அவனுக்கு ஒன்றிரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். ஊர் ஊராகப் பெண்கள் போன் போட்டு மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று விசாரிக்கும் வீடு யாருக்கும் பிடிக்கவில்லை. அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், ஒரு பிள்ளையை வளர்த்தே இடுப்பு ஒடிந்துவிட்டது என்பாள். வருடங்கள் இப்படியே ஓடின. டூல் பேக் மட்டும் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே வருவதாக அவனுக்குத் தோன்றியது.

பிறகு, அந்த ஊர்களில் எல்லோருக்கும் ரத்தம் அதிகமாகிப்போன காலம் வந்தது. மூட்டை தூக்குபவர்கள், பள்ளி ஆசிரியைகள், போலீஸ்காரர்கள், யார் வந்தாலும் ரத்தம் தேவைக்கு மேல் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. டாக்டர்களுக்குக் காரணம் புரியவில்லை. கொஞ்சம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினார்கள். ஜனங்களும் பெருமையாகவே கையை நீட்டினார்கள். ப்ளட் பேங்க் ஃப்ரிட்ஜ்களில் பை வைக்க இடமில்லாமல், கேன்டீன் ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு அடுக்கினார்கள். மேனேஜருக்குப் பாராட்டு விழா நடந்தது. ஊர் செழித்துவிட்டது, நல்ல சாப்பாடு என்று பேசிக்கொண்டார்கள். இன்ஜினியரும் அப்படியே நினைத்தான். பஸ்ஸில் ஏறும்போது அவனுக்குக் கண் இருட்டியது. மிஷின் ஓரங்களில் இடித்துக்கொண்டதாக நினைத்த இடங்கள் நீலம் நீலமாகக் கன்றி, வாரக்கணக்கில் மறையாமல் கிடந்தன. அலைச்சல் என்று விட்டுவிட்டான்.

அக்கா அலையவில்லை, வீட்டிலேயே இருந்தாள். அவளுக்கும் நீலம் கண்டது. இரண்டாம் மாடிக்கு ஏறிவர, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளை நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். அங்கிருந்த மிஷினும் அவன் பார்த்துக்கொள்வதுதான். நார்மல் என்று வந்தது. டாக்டர் வயதைச் சொல்லி டானிக் எழுதினார். அடுத்த மாதம் போனார்கள், நார்மல். மழைக்காலம் முடிந்து போனார்கள், அப்போதும் நார்மல். அப்பாவின் முகம் அவன் நினைவில் லேசாக வந்து போனது. மிஷினில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று திறந்துபார்த்தான். குழாயெல்லாம் சுத்தமாக இருந்தது, ஊசி நேராக இறங்கியது. அக்கா சிரித்தாள். "நீ ரிப்பேர் பண்ண மிஷின் தப்பாவாடா சொல்லும்? எனக்குத்தான் சோம்பேறித்தனம் புடிச்சிருக்கு" என்றாள். அவளுக்குத் தம்பி மேல் அவ்வளவு நம்பிக்கை.

உண்மை வெளிப்பட்டது மலையடிவார ஊரில்தான். நண்பகலில் ஒரு பம்ப் டியூபை மாற்றிக்கொண்டிருந்த இன்ஜினியர், ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே சரிந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்த லேப்காரம்மா, அவன் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மிஷினில் போட்டாள். நார்மல். நார்மல் என்றால் நூல் பிசகாத நார்மல், அப்படி ஒரு ரிப்போர்ட்டை எந்த மனிதரும் வாங்கியது கிடையாது. அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஸ்டோர் ரூமில் உறைபோட்டு வைத்திருந்த பழைய மைக்ராஸ்கோப்பை எடுத்து வந்து துடைத்து, இன்னொரு சொட்டைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே இல்ல சார். தண்ணி மாதிரி இருக்கு."

"மிஷின் நார்மல்னு சொல்லுதே."

"மிஷினுக்கு நீங்கதானே சார் நார்மல்."

அவன் தன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. அப்பாவும் அக்காவும் ஒரே நேரத்தில் மனசில் வந்து நின்றார்கள். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோகும் நோய் அந்தக் குடும்பத்தில் இருந்தது; அக்காவையும் தம்பியையும் அது ஒரே வேகத்தில் தின்றுகொண்டு வந்திருந்தது. இருவருக்கும் ரத்தம் சேர்ந்தே இறங்கியதால் மிஷின் அவளைத் தம்பியோடு ஒப்பிட்டு நார்மல் என்று சொல்லிவிட்டது. அவன் பாதி மாற்றிய பம்ப் டியூபையும் விட்டுவிட்டுப் பஸ் ஏறினான். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் இருந்தவர் அவனுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போவதற்குள் அக்கம்பக்கத்தார் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாடிப்படியில் விழுந்துவிட்டாளாம். வார்டுக்கு எதிரே இருந்த அறையில்தான் ரத்தப் பைகள் அடுக்கிய ஃப்ரிட்ஜ்கள் இருந்தன. பைகள் பிதுங்கி, ஒன்றின் கதவை அழுத்தித்தான் பூட்டியிருந்தார்கள். அக்காவின் ரத்த குரூப் பைகளே ஏராளம் இருந்தன. ட்யூட்டி டாக்டர் கெட்ட மனுஷர் இல்லை. அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, பேப்பர் மாதிரி இருக்கிறதே என்று அவரே சொன்னார். ஆனால் விதி விதிதான். குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் கேள்வி கேட்காமல் பையை வெளியே எடுக்க வேண்டும். நார்மல் என்று வந்தால் யார் கையெழுத்துப் போட்டாலும், மிஷினோடு இணைத்திருந்த ஃப்ரிட்ஜ் பூட்டு திறக்காது. வெளியிலிருந்து கொண்டுவரும் பையை வார்டில் மாட்டவும் கூடாது. இந்த உடம்போடு அவளைப் பஸ்ஸில் வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. அவர் மூன்று தடவை சாம்பிள் அனுப்பினார். மூன்று தடவையும் நார்மல்.

மிஷின் அவளைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் இன்ஜினியருக்கு ரத்தம் ஏற வேண்டும். இதைச் சொன்னது லேப்காரம்மா, அக்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த வார்டு போனில் சொன்னாள். தன் ஆஸ்பத்திரிக்கு வந்தால் கேன்டீன் ஃப்ரிட்ஜிலிருந்து காதும் காதும் வைத்தாற்போல ஒரு பை ஏற்றிவிடுவதாகவும், மற்ற ஊர் லேப்களிலும் பேசிவிட்டதாகவும் சொன்னாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா சாகக் கிடக்கும்போது தான் போய் ரத்தம் ஏற்றிக்கொள்வதா என்று கத்தினான். அக்கா ரிசீவரை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீ மொதல்ல ஏத்திக்கோடா. நீ நல்லா இருந்தாத்தான் அதுக்கு என்னைக் கண்ணு தெரியும்" என்றாள்.

வழக்கமாகச் சர்வீஸுக்குப் போகும் பாதையிலேயே அவன் போனான். டூல் பேக்கை எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஊரிலும் லேப்பின் பின்னறையில் மேஜையையோ இரண்டு நாற்காலிகளையோ சேர்த்துப் போட்டு வைத்திருந்தார்கள். வருடக்கணக்காகக் காலையில் அவன் சாப்பாட்டை விசாரித்த குரல்கள் இப்போது முகத்தோடு வந்து, ஊசியைக் குத்தி, பையைக் கொக்கியில் மாட்டின. மூட்டை தூக்குபவனின் ரத்தமும் ஆசிரியையின் ரத்தமும் போலீஸ்காரனின் ரத்தமும் அவனுக்குள் இறங்கின. முதல் ஊரில் காது இரைச்சல் நின்றது. அடுத்த ஊர்களில் விரல் நகம் சிவந்தது, பசித்தது. பிறகு ஓர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் தன்னை அறியாமல் இரண்டிரண்டு படியாக ஏறிவிட்டு, உச்சியில் நின்று வெட்கத்தில் குறுகிப்போனான். உடம்பில் ஏறிய தெம்பை அவன் அருவருப்போடு சுமந்தான். ஒவ்வொரு பையும் அக்காவின் வாயிலிருந்து பிடுங்கியதாகத்தான் தோன்றியது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் வார்டுக்கு போன் செய்தான். நர்ஸ் ரிசீவரை அக்கா காதில் வைப்பாள். ஏறுதாடா என்று கேட்பாள். ஏறுது என்பான். கடைசி ஊரிலிருந்து செய்தபோது அவள் அதைக் கேட்கவில்லை. சாப்ட்டியா என்று மட்டும் கேட்டாள்.

அவன் திரும்பி வந்தபோது வார்டில் காலை நேரத்துப் பெருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ட்யூட்டி டாக்டர் அவன் முகத்தின் நிறத்தைப் பார்த்ததுமே அக்காவிடம் சாம்பிள் எடுத்தார். இன்ஜினியர் அதைத் தானே லேப்புக்கு எடுத்துக்கொண்டு ஓடினான். மிஷின் தன் வழக்கப்படி ஊசியை இறக்கியது, உறிஞ்சியது, குழாயைக் கழுவியது. எத்தனையோ முறை அவன் கழற்றிச் சுத்தம் செய்த மிஷின் அது. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவனுக்கு அத்துப்படி. இருந்தும் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் யாருமே கேட்டிராத அலாரம் அடித்தது. ரத்தம் உயிருக்கு ஆபத்தான அளவில் குறைந்திருப்பதாகச் சிவப்பு எழுத்தில் ரிப்போர்ட் வந்தது. ஃப்ரிட்ஜ் பூட்டு திறந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார், பையை எடுத்தார்கள், குளிர் போக உள்ளங்கைகளில் வைத்து உருட்டினார்கள். அந்த உருட்டலுக்கு நடுவில் அக்கா போய்விட்டாள். ஆபத்தான ரிப்போர்ட்டை நோயாளியின் படுக்கையிலேயே சேர்க்க வேண்டும் என்பதும் விதி. அட்டெண்டர் அதைக் கொண்டுவந்து அவள் கைக்கருகே வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு இன்ஜினியருக்கு வாழ விருப்பம் இல்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. காலையில் போன் அடிக்கும், எடுக்க மாட்டான். ஊர்களில் ஸ்டாக் சோதனை வந்துவிட்டதால், லேப்காரர்களாலும் இன்னொரு பை ஒளித்துக்கொடுக்க முடியவில்லை. ஏற்றிய ரத்தம் நாளாக ஆகத் தேய்ந்தது. எலும்பில் ஊறவில்லை. தேயட்டும் என்று சாய்வு நாற்காலியில் கிடந்தான். ஒருநாள் போன் நிற்காமல் அடித்தது. எரிச்சலில் எடுத்தான். லேப்காரம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"இங்க ஒரு பொண்ணு வந்திருக்கா சார். பாத்தாலே தெரியுது, வெளுத்துப் போயிருக்கா. மிஷின் நார்மல்ங்குது. அவ தம்பி வாசல்ல நிக்கிறான். நான் என்ன சொல்லட்டும்?"

அவன் ரிசீவரை வைத்துவிட்டு, குளித்து, டூல் பேக்கை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். ரத்தம் கேட்டான். சாம்பிள் எடுத்தார்கள், அவனுக்கு நார்மலைத் தவிர வேறென்ன வரும். சாகும் நொடி வரை அவனுக்கு அப்படித்தான் வரும் என்பதும், எந்த விதியின்படியும் தனக்கு ஒரு பை கிடைக்காது என்பதும் அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. லேப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். எதிரே மிஷின் சும்மா நின்றது. ஊசிக்குக் கீழே டியூப் எதுவும் இல்லை. அது தானாக ஊசியை இறக்கியது, எதையோ உறிஞ்சியது, குழாயைக் கழுவியது. அலாரம் அடித்தது. வந்த ரிப்போர்ட்டில் அக்காவின் பெயர் இருந்தது. சிவப்பு எழுத்து, அதே ஆபத்தான அளவு. ஃப்ரிட்ஜ் பூட்டு திறந்துகொண்டது.

ஸ்டோர்கீப்பர் விதிப்படி பையை வெளியே எடுத்தார். ட்யூட்டி டாக்டர் வார்டை எட்டிப்பார்த்தார். அந்தப் படுக்கையில் கால் உடைந்த யாரோ படுத்திருந்தார். வெளியே எடுத்துக் குளிர் போக்கிய பையைத் திரும்ப உள்ளே வைக்கக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. டாக்டர் இன்ஜினியரைப் பார்த்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே குரூப் என்பது அவருக்குத் தெரியும். அவன் அந்த ரிப்போர்ட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு போய்ப் படுத்தான்.

அதிலிருந்து வாராவாரம், அக்கா இறந்த கிழமையில், வார்டு பெருக்கும் நேரத்துக்கு அந்த மிஷின் அவள் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுகிறது. லீவு நாளிலும் தவறியதில்லை. அவன் உடம்பில் இப்போது அவனுடையது என்று ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, முழுக்க ஊராருடையது. அதனாலோ என்னவோ, அந்த மிஷின்கள் இப்போதெல்லாம் யாரையும் தப்பாகச் சொல்வதில்லை. மலையடிவார ஊர்ப் பெண் பிழைத்துக்கொண்டாள். கம்பெனி கன்ட்ரோல் பாட்டில் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. காலையில் போன் அடித்தால் அவனே எடுத்து, ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை, சர்க்கரை போடல என்று சொல்கிறான். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வரும் டாக்டர்கள் மட்டும் முதல் வாரம் அலாரம் கேட்டு ஓடிவந்து, பேஷன்ட் எங்கே என்று கேட்பார்கள். அக்கா கேஸ் சார் என்று சொல்லிவிட்டு, ஸ்டோர்கீப்பர் பையை உள்ளங்கையில் உருட்டத் தொடங்குவார். இன்ஜினியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்வான்.